ஒரு சக்கரமும் அரை மட்கார்டும்: துண்டுப் படத்திலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் காரை அடையாளம் காண்பது

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் ஆல்பங்களில் கார்ப் படங்கள் இருக்கும். டேனரி வைத்திருந்த குடும்பங்கள், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், மதராஸ்–பெங்களூர் ரோட்டில் போய்வந்தவர்கள் எடுத்தவை. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான படங்களில் காரை யாரும் எடுக்கவில்லை. தாத்தா நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு கம்பி வீலும் அரை மட்கார்டும் தெரிகின்றன. சென்னைக்கு வடக்கே சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் போனவர்கள் எடுத்த படமென்றால், கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே வேகத்தில் மங்கிய ஒரு மூக்கு மட்டும்.

இதை வைத்துக் காரின் பெயரைச் சொல்ல முடியுமா? பல நேரம் முடியும். கம்பெனி, மாடல், அதற்குள் எந்த வரிசை, எந்தத் தனிக் கார் என்று அடையாளம் நான்கு படிகளாக இறங்குகிறது. துண்டுப் படம் பெரும்பாலும் இரண்டாம் படிவரை தைரியமாகக் கொண்டுபோகும், சில நேரம் மூன்றாவதுவரை. நான்காவது படிக்குக் காகிதம் வேண்டும்.

தொடங்குபவர்கள் முழு உருவத்தைப் பார்த்து ஒரு பெயரை ஊகிக்கிறார்கள், பிறகு அந்தப் பெயருக்குச் சாதகமானதை மட்டும் படத்தில் தேடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரான வேலை. தெரிகிற ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, இது எளிதில் மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். பேட்ஜ், பெயின்ட், பம்பர், ஹெட்லைட், கிரில், நம்பர் பிளேட் எல்லாம் ஒரு பிற்பகலில் மாறிவிடும். இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரம், கதவின் கீல் எந்தப் பக்கம் என்பது, மட்கார்டு கோடு கதவைத் தாண்டும் விதம், இன்ஜின் முன்னாலா பின்னாலா, பெட்ரோல் டேங்க் எங்கே என்பவை லேசில் மாறா. மாறாதவற்றிலிருந்து தொடங்கி, எதுவெல்லாம் இல்லை என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ பெயர்கள்தான்.

முதலில் படத்தையே சரிபாருங்கள்

நெகட்டிவின் அளவிலேயே அச்சிட்ட சிறிய கான்டாக்ட் பிரின்டை 1200 டி.பி.ஐ.யிலும், அஞ்சலட்டை அளவுக்கு மேற்பட்டதை 600 டி.பி.ஐ.யிலும் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் 2400-க்குக் குறையக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் முறையில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பழுப்புக் கறையையும் உண்மையான கோட்டையும் பிரித்துப் பார்க்க நிறம் உதவும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில், கேமராவைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுத்தால் போதும்.

செல்போனில் இருக்கும் “தெளிவாக்கும்” வசதிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அவை மங்கலான இடத்தில் இல்லாத ஸ்போக்கையும் இல்லாத எழுத்தையும் தாமாக வரைந்து நிரப்புகின்றன. பிறகு நீங்கள் எண்ணுவது மென்பொருள் போட்ட ஸ்போக்கை. வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிடுவது ஸ்டூடியோக்களில் நடப்பதுதான். பின்னணியில் கடைப் பலகையோ காட்பாடி ஸ்டேஷன் பெயர்ப் பலகையோ இருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்தே இல்லாவிட்டால் ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள், அது இடது மார்பில் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் “ஸ்டியரிங் இடப்பக்கம், ஆகவே அமெரிக்கக் கார்” என்று முடிவுகட்டினால் மேற்கொண்டு செய்யும் எல்லாமே தவறாகும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் பிரிட்டிஷ் கார் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, புகாட்டி கார்களிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான்.

நிறம் இன்னொரு பொறி. பந்தயக் கார்களுக்கு நாட்டு நிறம் உண்டு: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, ஜெர்மனிக்கு வெள்ளை, பிறகு வெள்ளி. ஆனால் பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். 1930-களில் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவிய பிறகுதான் சாம்பல் நிறங்கள் ஓரளவு கண்ணுக்குத் தெரிந்தபடி வந்தன. ஆகவே 1920-களின் படத்தில் கறுப்பாகத் தெரியும் பந்தயக் கார் சிவப்பாகவும் இருந்திருக்கலாம், வெள்ளையாகத் தெரிவது பிரெஞ்சு நீலமாகவும் இருந்திருக்கலாம்.

வேகமாக ஓடும் காரின் வட்ட வீல் முன்னோக்கிச் சாய்ந்த முட்டையாகத் தெரிந்தால் அது வீலின் வடிவமல்ல. ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் திரை ஷட்டர், படத்தின் ஒரு ஓரத்தை முன்பும் மறு ஓரத்தைப் பின்பும் பதிக்கிறது. அந்த நொடிப் பிசிறில் கார் நகர்ந்துவிடுகிறது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக் ஆன்ரி லார்டீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார்ப் படத்தில் இதைக் காணலாம். அந்தப் படமே அடையாளக் குழப்பத்துக்கும் நல்ல பாடம். 1912-இல் எடுத்த டெலாஜ் கம்பெனிக் கார் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் அந்த ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் டெலாஜ் ஓடவே இல்லை. பின்னால் ஆராய்ந்தவர்கள் அது 1913 பந்தயத்தில் ஓடிய தியோடோர் ஷ்னைடர் கம்பெனிக் கார் என்று காட்டினார்கள். எடுத்தவரே எழுதியதானாலும் படத்தின் கீழுள்ள குறிப்பைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

சக்கரமே அளவுகோல்

துண்டுப் படத்தில் பெரும்பாலும் தப்பிப் பிழைப்பது சக்கரம்தான். அதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கும்: அதன் வகை, அதன் அளவு.

வகையை விரைவாகச் சொல்லிவிடலாம். நடுவில் காதுகள் கொண்ட ஒரே பெரிய நட்டோடு கம்பி வீல் என்றால் ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த நட்டில் கை அடையாளம் தெரிந்தால் அது இத்தாலியின் பொரானி கம்பெனி வீலாக இருக்கலாம். ஜாகுவார் டி-டைப்பில் துளைகள் போட்ட டன்லப் அலாய் வீல். அலையலையாக நெளிந்த தகடுபோல வார்த்த வீல் 1950-களின் கடைசியிலிருந்து வந்த லோட்டஸ் பந்தயக் கார்களுடையது. எட்டுத் தட்டையான ஆரங்களும் பிரேக் டிரம்மும் ஒன்றாக வார்த்த அலாய் வீல் 1924-இல் லியோன் பந்தயத்தில் அறிமுகமான புகாட்டி டைப் 35-க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதே குடும்பத்தின் 35ஏ கம்பி வீலில் ஓடியது. வீலை மட்டும் வைத்து ஒரு பெயரை உறுதி செய்யவும் கூடாது, விலக்கவும் கூடாது.

ஸ்போக்கையும் எண்ணலாம். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்.ஜி. டி.சி., எம்.ஜி.ஏ. கம்பி வீல்களில் 48, ஜாகுவார் எக்ஸ்.கே.120-இல் 54, ஜாகுவாரின் முதல் ஈ-டைப்பில் 72. முழு வட்டம் தெரியாவிட்டால் கால் வட்டத்தை எண்ணி நான்கால் பெருக்குங்கள். உள்வரிசை, வெளிவரிசை இரண்டையும் சேர்த்து எண்ண மறக்காதீர்கள்.

அளவுதான் உண்மையான சாட்சி. ரிம்மின் விட்டம் அங்குலத்தில் நமக்குத் தெரியும், முன் பின் அச்சு இடைவெளியும் புத்தகத்தில் இருக்கும். படத்தில் இரண்டின் விகிதத்தை அளந்தால், காரின் உருவத்தையே பார்க்காமல் பாதிப் பெயர்களைக் கழித்துவிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 19 அங்குல வீல் என்பது டயர் உட்காரும் இடத்து விட்டம். கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்பு அதைவிட ஏறக்குறைய 1.4 அங்குலம் பெரிது. இதைச் சேர்க்காவிட்டால் கணக்கு ஒன்பது சதவீதம்வரை தப்பும்.

எம்.ஜி. டி.சி.யின் அச்சு இடைவெளி 94 அங்குலம், வீல் 19. விளிம்போடு 20.4. 94-ஐ 20.4-ஆல் வகுத்தால் விகிதம் 4.6. அடுத்து வந்த டி.டி.க்கும் 94 அங்குலம்தான், ஆனால் வீல் 15. விகிதம் 5.7. எக்ஸ்.கே.120-க்கு 102 அங்குலம், வீல் 16, விகிதம் 5.9. ஆஸ்டின்-ஹீலி 100-க்கு 90 அங்குலம், வீல் 15, விகிதம் 5.5. டிரயம்ஃப் டி.ஆர்.2-க்கு 88 அங்குலம், வீல் 15, விகிதம் 5.4. எம்.ஜி.ஏ.வும் டி.டி.யைப் போலவே 5.7. இந்த இரண்டையும் விகிதம் பிரிக்காது, ஆனால் உடலமைப்பே முற்றிலும் வேறு என்பதால் குழப்பம் வராது.

கார் சாய்வாக நின்றால்? வீலின் உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் சுருங்கும். அந்தச் சுருக்கமே திருத்த எண். ஒரு படத்தில் முன் பின் வீல்களின் ரிம் உயரச் சராசரி 40 மில்லிமீட்டர், அகலச் சராசரி 32 என்று வையுங்கள். 32-ஐ 40-ஆல் வகுத்தால் 0.8. அச்சுகளுக்கு இடையே படத்தில் அளந்தது 150 மில்லிமீட்டர். அதை 0.8-ஆல் வகுத்தால் 187.5. அதை 40-ஆல் வகுத்தால் 4.7. எம்.ஜி. டி.சி.யின் எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். 5 சதவீதம் முன்பின் வரலாம். 0.6-க்குக் கீழே சுருங்கிய படத்தில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், அருகிலுள்ள வீல் பெரிதாகவும் தூரத்து வீல் சிறிதாகவும் விழுவதால் சராசரி பொய் சொல்லும். முன் வீல் திருப்பி நின்றால் அதன் அகலத்தை விட்டுவிட்டு, பின் வீலின் அகலத்தையும் உயரத்தையும் வைத்தே திருத்த எண்ணைக் கணக்கிடுங்கள்.

19 அங்குல டயர் கிடைக்காமல் 16 அங்குல வீல் மாட்டிய டி.சி.யும் உண்டு. அப்போது விகிதம் 5.4 ஆகி டி.ஆர்.2-வின் எண்ணோடு ஒத்துப்போகும். அதனால்தான் விகிதத்தோடு உடலின் இன்னொரு பாகமாவது ஒத்துவர வேண்டும்.

ஒரு படத்தைக் கழித்துக் கழித்துப் பார்ப்போம்

வேலூர்க் கோட்டை அகழியோரம் எடுத்த ஒரு படத்தில் சிறிய டூ-சீட்டரின் பின்பாதி மட்டும் தெரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான தட்டையான பெட்ரோல் டேங்க் வெளியிலேயே தெரிகிறது, அதன் பின்னால் ஒரு ஸ்டெப்னி. பெரிய, ஒல்லியான கம்பி வீல். கதவின் கீல் பின்பக்கம்.

டேங்க் வெளியே இருப்பதால் எக்ஸ்.கே.120, ஹீலி, டி.ஆர்., எம்.ஜி.ஏ. எல்லாம் ஒரே அடியில் போய்விட்டன. 1930-களின் சிங்கர் லெ மான்ஸில் பின்னால் இரண்டு ஸ்டெப்னி, அதுவும் இல்லை. எம்.ஜி.யின் டி வரிசைக்கே அதிக வாய்ப்பு. வீல் பெரிதாக இருப்பதால் டி.டி., டி.எஃப். இரண்டும் விலகுகின்றன. டி.எஃப்.பில் ஹெட்லைட் மட்கார்டோடு இணைந்திருக்கும், முன்பாதி தெரிந்திருந்தால் அதுவே போதும். இப்போது 1936-இல் தொடங்கிய டி.ஏ., 1939-இல் வெறும் 379 மட்டுமே செய்த டி.பி., 1945 முதல் 1949 வரை வந்த டி.சி. என்று மூன்று பெயர்கள்.

இங்கே பார்க்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழுள்ள ஃபுட்போர்டு. டி.ஏ., டி.பி. இரண்டிலும் அதன் மேல் மூன்று பட்டைகள் ஓடும், டி.சி.யில் இரண்டே. படத்தில் இரண்டு தெரிந்தால் டி.சி. என்று எழுதலாம். மூன்று தெரிந்தால் டி.ஏ.வா டி.பி.யா என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முயல வேண்டாம். வித்தியாசம் போனட்டுக்குள் இருக்கிறது: டி.ஏ.வில் 1292 சி.சி. இன்ஜின், டி.பி.யில் 1250 சி.சி. “டி.ஏ. அல்லது டி.பி.” என்று எழுதுவதே முழுமையான விடை. டி.பி. அரிது என்பதற்காக மனம் அந்தப் பக்கம் சாயும். அதற்கு இடம் கொடுத்தால், படத்தின் பின்னால் நாம் எழுதும் பெயரை அடுத்த தலைமுறை அப்படியே நம்பும். அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

டேஷ்போர்டு மட்டும் தெரியும் படமும் பேசும். டி.சி.யில் ஓட்டுநருக்கு நேராக இருப்பது இன்ஜின் சுற்றுக் காட்டும் டேக்கோமீட்டர். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் உட்காருபவருக்கு எதிரே இருக்கும். டி.டி.யில் இரண்டும் ஓட்டுநர் பக்கமே வந்துவிட்டன, டி.எஃப்.பில் எண்கோண மீட்டர்கள் நடுவில் சேர்ந்தன. பொதுவாக மீட்டரின் முகத்திலுள்ள பெயர் நாட்டைச் சொல்லும்: ஸ்மித்ஸ் என்றால் பிரிட்டன், வெக்லியா இத்தாலி, வி.டி.ஓ. ஜெர்மனி, ஸ்டூவர்ட்-வார்னர் அமெரிக்கா.

அரியது என்று தோன்றும்போது

அரிய கார் என்று தோன்றும் இடத்தில் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். ஆஸ்டின்-ஹீலி 100 இதற்கு நல்ல உதாரணம். போனட்டில் காற்றுப் பிளவுகளும் குறுக்கே தோல் பட்டையும் இருந்தால் அரிய 100எம் வகை என்று சொல்லிவிடுவார்கள். தொழிற்சாலையிலேயே அப்படி வந்தவை 640 மட்டும். ஆனால் அதே போனட்டும் உதிரிகளும் டீலர்களிடம் தனியாக விற்கப்பட்டன, சாதாரண 100-இலும் மாட்டினார்கள். படம் இதைப் பிரித்துக் காட்டாது. பந்தயத்துக்காக 55 மட்டுமே செய்த 100எஸ் வேறு கதை. அதன் கிரில் சிறிய முட்டை வடிவம், உடல் அலுமினியம்.

ஜாகுவார் எக்ஸ்.கே. வரிசையில் கிரில்லும் கண்ணாடியும் போதும். மெல்லிய நெருக்கமான கம்பிகள் என்றால் 1948-இல் வந்த 120, தடித்த சில கம்பிகளும் கனமான பம்பரும் என்றால் 1954-இன் 140. இரண்டாகப் பிரிந்த தட்டைக் கண்ணாடிக்குப் பதில் வளைந்த ஒரே கண்ணாடி இருந்தால் 1957-இன் 150. திறந்த 120-இன் கதவில் வெளிக்கைப்பிடி கிடையாது, கதவின் ஒரு மூலை மட்டும் தெரியும் படத்தில்கூட இது உதவும்.

புகாட்டியில் டைப் 35-ஐயும் 1931-இல் வந்த டைப் 51-ஐயும் பிரிக்கப் பின்பக்கத்தைப் பாருங்கள்: 51-இல் பெட்ரோல் மூடி இரண்டு. போனட்டின் வலப்பக்கத்தில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் காற்று வெளியேறும் வட்டத் துளை 51-இல் கீழே இறங்கியிருக்கும்.

சோழவரத்து ஒற்றை இருக்கைக் கார்களின் படத்தில் ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். முன் வீல்களுக்கு மிக அருகில், முதுகுக்குப் பின்னால் பெரிய மூடி என்றால் இன்ஜின் பின்னால். உலகச் சாம்பியன்ஷிப்பில் பின் இன்ஜின் கார் முதன்முதலில் வென்றது 1958 அர்ஜென்டினாவில், ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய கூப்பர். ஃபார்முலா ஒன்னில் இறக்கைகள் 1968-இல் வந்தன. இறக்கை இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. இறக்கை இல்லாததை வைத்து முந்தியது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஃபார்முலா ஃபோர்டு போன்ற வகைகளில் இறக்கைக்கே அனுமதியில்லை. நம் ஊரில் ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்ஜின்களை வைத்துக் கையால் தகடடித்துச் செய்த கார்களும் ஓடின. அவற்றுக்கு வெளிநாட்டுப் பெயர் தேடி அலையக் கூடாது. எந்தக் காரின் பாகம் தெரிகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். அவை நம் மெக்கானிக்குகளின் கைவேலை, அந்தப் பெயரோடு நிற்பதே அவற்றுக்குப் பெருமை.

எண்களும் முத்திரைகளும்

நம்பர் பிளேட்டில் பாதி தெரிந்தாலும் பயன் உண்டு. டி.என். 23 என்றால் வேலூர், டி.என். 73 ராணிப்பேட்டை, ஆனால் இந்த முறை 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் மூன்றெழுத்து வரிசைகள். எம்.ஒய். என்று தொடங்கினால் மைசூர் மாநிலத்தில் பதிவான கார். பிரிட்டிஷ் மூன்றெழுத்துப் பிளேட்டில் கடைசி இரண்டு எழுத்து ஊரைச் சொல்லும்: கே.வி. என்றால் ஜாகுவார் பிறந்த கவென்ட்ரி. 1949-இல் பெல்ஜியத்தின் ஜாபெக்கில் வேகச் சாதனை படைத்த எக்ஸ்.கே.120-இன் எண் எச்.கே.வி. 500. இத்தாலியப் பிளேட்டில் எம்.ஓ. என்றால் மோதெனா, ஃபெராரியும் மஸெராத்தியும் அந்த மாகாணத்துக் கார்கள். பிளேட் பதிவு செய்த ஊரைத்தான் சொல்கிறது, செய்த தொழிற்சாலையை அல்ல.

பந்தய எண்ணிலும் செய்தி இருக்கலாம். 1950-களில் நடந்த மில்லே மிலியா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயத்தில் காரின் உடலில் எழுதியது புறப்பட்ட நேரம். 1955-இல் மாஸ் வென்ற மெர்சிடிஸின் 722, காலை 7.22.

படத்தின் பின்புற முத்திரை அச்சிட்ட காலத்தைச் சொல்லும், எடுத்த காலத்தை அல்ல. “வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்” என்று ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அந்தப் பிரின்ட் 1989-க்குப் பிந்தியது, காரும் நெகட்டிவும் எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர் என்று எழுதியிருந்தால், 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாவதற்கு முந்தைய வழக்கு அது.

கடைசிப் படியான தனிக் காரின் அடையாளத்துக்குப் பழைய ஆர்.சி. புக்கைத் தேடுங்கள். பல வீடுகளில் கார் போன பிறகும் அது பீரோவில் கிடக்கும். சேஸிஸ் நம்பரை அப்படியே, முன்னெழுத்துகளோடு குறித்துக்கொள்ளுங்கள். எம்.ஜி. டி.சி. எண்கள் 0251-இல் தொடங்கின, ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதால். 660 என்று தொடங்கும் ஆறிலக்க எண் வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட திறந்த எக்ஸ்.கே.120. ஏ.எச்.எஸ். என்று தொடங்கினால் ஹீலி 100எஸ். 100எம்-க்கு அப்படித் தனி முன்னெழுத்து கிடையாது. எம்.ஜி., ஆஸ்டின்-ஹீலி தொழிற்சாலைப் பதிவேடுகள் இங்கிலாந்தின் கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் உள்ளன. ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட், புகாட்டிக்கு பிரஸ்காட்டிலுள்ள புகாட்டி டிரஸ்ட். எழுதும்போது படத்தின் முழு ஸ்கேன், பின்புறத்தின் ஸ்கேன், நீங்கள் அளந்த விகிதம், எந்தப் பெயர்களை எதனால் விலக்கினீர்கள் என்பது, சேஸிஸ் எண் இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் ஊகப் பெயரைக் கடைசி வரியில் எழுதுங்கள், பார்ப்பவர் முதலில் படத்தைப் பார்க்கட்டும்.